கோட்டுக்கு அந்தப் பக்கம் ஐந்தடி: பஃபலோ ஏரிப்பனி, நவம்பர் 2014 – ஒரு நிகழ்வு ஆய்வு

2014 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை காலை. நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரி முடிகிற இடத்தில் இருக்கும் பஃபலோ நகரத்தின் வடபகுதியில் இருந்தவர்கள் தெற்கே திரும்பிப் பார்த்தபோது ஒரு சுவர் தெரிந்தது. தரையிலிருந்து மேகம் வரை எழுந்து நின்ற வெள்ளைச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் வெளிச்சமான வானம், ஓடும் வண்டிகள், திறந்த கடைகள். அந்தப் பக்கம் நகரத்தின் தென்பகுதியும், உள்ளூர்க்காரர்கள் 'சவுத்டவுன்ஸ்' என்று சொல்லும் ஹாம்பர்க், ஆர்ச்சர்ட் பார்க், வெஸ்ட் செனெக்கா முதலிய ஊர்களும், கிழக்கே லங்காஸ்டரும் மணிக்கு மூன்று, நான்கு, சில இடங்களில் அதற்கும் மேலான அங்குல வேகத்தில் புதைந்துகொண்டிருந்தன.

அந்தச் சுவர் நகரவில்லை. இந்த நிகழ்வை எழுத உட்கார்ந்ததற்கே அதுதான் காரணம். எவ்வளவு பனி கொட்டியது என்பதைத்தான் செய்திகள் பேசின. என் பார்வையில் ஆராய வேண்டியது, அது ஏன் ஒரே கோட்டில் நின்றது என்பதை. அதே பனி அந்த வட்டாரம் முழுக்கப் பரவி விழுந்திருந்தால் பஃபலோவுக்கு அது சாதாரணக் குளிர்காலச் சம்பவம். ஆண்டுக்குச் சராசரியாக 95 அங்குலம் பனி பார்க்கும் ஊர் அது. பனி வாரும் வண்டியும் உப்பும் மண்வாரியும் இல்லாத வீதி அங்கே இல்லை. அப்படிப்பட்ட ஊரே முடங்கியது.

நான் இருப்பது டொராண்டோவின் கிழக்கே, ஸ்கார்பரோவில். நேர்கோட்டில் அளந்தால் பஃபலோ எங்களுக்கு 100 கிலோமீட்டர் வாக்கில், நடுவில் ஒன்டாரியோ ஏரி. அன்று மாலை ஊரிலிருந்து அண்ணா அழைத்தார். "டிவில காட்டுறாங்களே, வீட்டுக் கதவைத் திறந்தா கதவு அச்சுல பனி நிக்குது. நீங்கள்லாம் எப்படிடா இருக்கீங்க?" என்று குரல் பதறியது. எங்கள் தெருவில் அன்றைக்கு மண்வாரியைத் தொடவே வேலை இருக்கவில்லை. அதை அவரிடம் சொன்னபோது நம்பவில்லை. நான் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்றே நினைத்தார். அவருக்கு அன்று விளக்க முடியாமல் போனதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏரி ஏன் பனி பொழிகிறது

மார்கழி விடியலில் கொல்லைப்புறத்தில் வெந்நீர் அண்டாவின் மூடியைத் திறந்தால் ஆவி குபுகுபுவென்று எழும். அதே அண்டாவைச் சித்திரை மதியத்தில் திறந்தால் அவ்வளவு தெரியாது. தண்ணீரின் சூடு ஒன்றுதான், மேலே இருக்கும் காற்றுதான் வேறு. அமெரிக்கா, கனடா எல்லைப் பகுதியில் கிடக்கும் ஐந்து பெரிய ஏரிகளான பேரேரிகளில் நவம்பர் மாதம் நடப்பதும் இதுவே, அளவு மட்டும் பிரம்மாண்டம்.

தண்ணீர் மெதுவாகச் சூடேறி மெதுவாகக் குளிரும். கோடை முழுக்க வெயில் குடித்த ஏரி, கரையில் இலையெல்லாம் உதிர்ந்து நிலம் உறைந்த பிறகும் வெதுவெதுப்பைக் கைவிடாது. ஈரி ஏரியின் மேற்பரப்பு அந்த வாரம் ஏறத்தாழ 9 டிகிரி செல்சியஸ். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் பேரேரிகளின் பரப்பில் 92 விழுக்காட்டுக்கு மேல் பனிக்கட்டி மூடியிருந்தது; அவ்வளவு கடுமையான குளிர்காலம். ஆனாலும் எட்டு மாதத்தில் ஈரி தேறிவிட்டது. ஐந்து பேரேரிகளில் ஆழம் குறைந்தது அதுதான், சராசரி 19 மீட்டர். சட்டென்று சூடேறும், சட்டென்று உறையவும் செய்யும். இந்தக் குணத்துக்குப் பின்னால் மறுபடி வர வேண்டியிருக்கிறது.

அந்த வெதுவெதுப்பான நீரின் மேல் வடதுருவத்துக் காற்று வந்து படிந்தது. அது வந்த வழி நெடியது. நவம்பர் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே சுழன்ற நூரி என்ற சூறாவளி, வடக்கே போய் பெரிங் கடலில் வேறு வகைப் புயலாக உருமாறியது. அதன் மையத்தில் காற்றழுத்தம் 924 மில்லிபார் வரை இறங்கியதாகக் கணித்தார்கள். வட பசிபிக்கில் மிக அரிதான எண் அது. அந்தப் புயல் மேல்மட்டக் காற்றோட்டத்தை வளைத்துவிட, அலாஸ்கா பக்கம் சூடான காற்று ஏறியது, வட அமெரிக்காவின் நடுவிலும் கிழக்கிலும் துருவக் காற்று சரிந்து இறங்கியது. நவம்பர் 18 அன்று அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் எங்காவது ஓரிடத்தில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே போனது. ஹவாயும் அதில் சேர்த்தி, அங்கே மலை உச்சியில்.

இதில் ஒரு கணக்கு உண்டு. வானிலையாளர்கள் 850 மில்லிபார் மட்டம் என்று ஒன்றைப் பார்ப்பார்கள். ஏரிப் பரப்பிலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரம். உலர்ந்த காற்று மேலே ஏறினால் 100 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி குளிரும். ஆக 1,300 மீட்டருக்கு 13 டிகிரி. ஏரி நீருக்கும் அந்த உயரத்துக் காற்றுக்கும் வித்தியாசம் 13 டிகிரியைத் தாண்டிவிட்டால், ஏரியிலிருந்து கிளம்பும் காற்று அந்த உயரத்துக்கு ஏறினாலும் சுற்றியிருப்பதைவிடச் சூடாகவே இருக்கும். ஆகவே ஏறிக்கொண்டே போகும். ஏரிப்பனிக்குக் கதவு திறக்கும் எண் அது. அன்று நீர் 9 டிகிரி, மேலே கழித்தல் 15ஐ ஒட்டி. வித்தியாசம் 24 வாக்கில். தேவையானதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஏறும் காற்று ஈரத்தையும் தூக்கிக்கொண்டு போகிறது. மேலே அந்த ஈரம் மேகமாகும்போது, ஒரு கிலோ நீராவிக்கு ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் வெப்பம் வெளியாகிறது. அது காற்றை மேலும் சூடாக்கி மேலும் தூக்குகிறது. அன்றைய மேகங்களில் இடி இடித்தது, மின்னல் வெட்டியது. கோடை இடிமழையில் நடப்பதே நடந்தது, கீழே வந்தது மட்டும் பனி.

ஒரே பட்டை

ஈரம் நிறைய, குளிர் நிறைய. ஆனால் இவை இரண்டும் நவம்பரில் அடிக்கடி சேரும். பிறகு அன்று மட்டும் என்ன விசேஷம்?

வரைபடத்தை எடுத்து ஈரி ஏரியைப் பாருங்கள். மேற்குத் தென்மேற்கிலிருந்து கிழக்கு வடகிழக்காகச் சாய்ந்து கிடக்கும் நீண்ட வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இருக்கும். நீளம் 388 கிலோமீட்டர், அகலம் அதிகபட்சம் 90 சொச்சம். பஃபலோ அதன் கிழக்கு நுனியில். வடமேற்குக் காற்று அடித்தால் ஏரியைக் குறுக்கே கடக்கும். காற்று தண்ணீரின் மேல் இருக்கும் தூரம் கொஞ்சம்தான். அப்போது மேகங்கள் மெல்லிய இழைகளாகப் பிரிந்து, பென்சில்வேனியாவும் ஒஹாயோவும் சேர்ந்த தென்கரை முழுக்கத் தூவும். எல்லா ஊருக்கும் கொஞ்சம் கொஞ்சம்.

மேற்குத் தென்மேற்குக் காற்று அடித்தால் கதை மாறும். காற்று ஏரியின் முழு நீளத்துக்கும் ஓடி வரும். அதோடு இன்னொன்றும் நடக்கும். இரு கரையிலும் நிலம் உறைந்து கிடக்க, நடுவில் நீர் சூடாக இருக்கிறது. வடக்கே கனடாவின் கரையிலிருந்தும் தெற்கே அமெரிக்கக் கரையிலிருந்தும் கனமான குளிர்காற்று ஏரியை நோக்கி வழிந்து, நடுவில் ஒன்றோடொன்று முட்டும். முட்டிய காற்றுக்குப் போக வேறு வழியில்லை, மேலேதான். அந்த முட்டும் கோட்டில் ஏரியின் நீளத்துக்கு ஒற்றை மேகப்பட்டை எழும். நூறு இழையாகப் பிரிந்து போக வேண்டிய ஈரமெல்லாம் ஒரே கயிறாகத் திரிந்துவிடும்.

அந்தக் கயிற்றின் அகலம் 10, 20, 30 கிலோமீட்டர்தான். அதன் நுனி எங்கே கரையைத் தொடுகிறதோ அந்த ஊர் அகப்பட்டுக்கொண்டது. காற்றின் திசை சில டிகிரி மாறினால் போதும், 388 கிலோமீட்டர் நீளமுள்ள கயிற்றின் மறுமுனை வேறு ஊருக்குப் போய்விடும். வழக்கமாக அப்படித்தான் போகும். காலையில் வடக்கே ஒரு மணி நேரம், மதியம் நடுநகரில் இரண்டு மணி நேரம், இரவு தெற்கே என்று தோட்டத்துக் குழாய்போல ஆடிக்கொண்டே இருக்கும். பஃபலோ மக்கள் பழகியது இந்த ஆட்டத்துக்குத்தான். மணிக்கு மூன்று அங்குலம் கொட்டினாலும், ஓரிரு மணியில் விலகிவிடும் என்பது அவர்கள் அனுபவம்.

நவம்பர் 17 திங்கள் மாலை கரையைத் தொட்ட பட்டை, இரவு முழுக்கவும் மறுநாள் பகல் முழுக்கவும் ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது. உயரத்துக்கு உயரம் காற்றின் திசை மாறாமல் இருந்ததால் பட்டை சிதையவும் இல்லை. 19ஆம் தேதிக்குள் பஃபலோவின் கிழக்கே ஐந்தடிக்கு மேல். சில கிலோமீட்டர் வடக்கே போனால் சில அங்குலம். தேசிய வானிலைச் சேவையின் பஃபலோ அலுவலகமே விமான நிலையத்தில், பட்டையின் வடக்கு ஓரத்தில்தான் இருக்கிறது. தங்கள் ரேடாரில் சிவந்து தெரிந்ததை அவர்கள் ஜன்னல் வழியாகவும் பார்க்க முடிந்தது.

19, 20 தேதிகளில் இரண்டாவது பட்டை வந்தது. கிட்டத்தட்ட அதே ஊர்களின் மேல் இன்னொரு ஒன்று முதல் நான்கு அடி. இரண்டும் சேர்ந்து அதிகபட்ச இடங்களில் ஏழு அடியை ஒட்டியது.

உள்ளே போனால்

இந்தச் சுவருக்குள் நுழைவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், சிறிய அளவில். இங்கே கனடாவில் இதை 'ஸ்நோ ஸ்குவால்' என்பார்கள். டொராண்டோவிலிருந்து வடக்கே பாரி நகரத்துக்கு 400ஆம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பலருக்கும் பழக்கம். ஹியூரான் ஏரியின் கையான ஜார்ஜியன் விரிகுடாவிலிருந்து வடமேற்குக் காற்று கொண்டுவரும் பட்டைகள் அந்தச் சாலையின் குறுக்கே படுக்கும்.

ஒரு ஜனவரி மதியம். வெயில், கண்ணாடியில் கூச்சம், சாலை காய்ந்து கிடக்கிறது. தூரத்தில் அடிவானம் மட்டும் சாம்பல் நிறம். நாலைந்து நிமிடம். முதலில் சில துகள் பக்கவாட்டில் பறந்தன. அடுத்த வளைவில் முன்னால் போன லாரியின் பின்விளக்கு மங்கியது, பிறகு லாரியே இல்லை. என் வண்டியின் பானெட் நுனி தெரியவில்லை. பிரேக் அழுத்தவும் பயம், பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. அழுத்தாமல் இருக்கவும் பயம். ஓரத்தில் வரிவரியாகச் செதுக்கிய ரம்பிள் ஸ்ட்ரிப்பின் கடகடப்பை டயரில் கேட்டுக்கேட்டு, அதையே கைப்பிடியாக வைத்து நகர்ந்தேன். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் வெயில். பக்கத்தில் இருந்த மகள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கி "அப்பா, என்னாச்சு, ஏன் வேர்க்குது?" என்றாள்.

எனக்குப் பத்து நிமிடத்தில் முடிந்தது. பஃபலோவில் நியூயார்க் மாநில த்ரூவே நெடுஞ்சாலையில் அந்தத் திங்கள் இரவு போனவர்களுக்கு முடியவில்லை. பிட்ஸ்பர்க்கில் விளையாடிவிட்டுத் திரும்பிய நயாகரா பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் பேருந்து ஏறத்தாழ 30 மணி நேரம் அங்கேயே நின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் அதே சாலையில். கடைசியில் ராச்செஸ்டர் பக்கத்திலிருந்து பென்சில்வேனியா எல்லை வரை 132 மைல் நீளத்துக்குச் சாலையை மூடினார்கள். மூடியபோது வண்டிகள் உள்ளே இருந்தன.

13 பேர் இறந்தார்கள். சிலர் பனி வாரும்போது மாரடைப்பில். ஆல்டன் ஊரில் ஒருவர், புதைந்துபோன தன் காருக்குள். பனி அள்ளுவது எவ்வளவு கொடிய உழைப்பு என்பதை அள்ளாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கியிருக்க, காலையில் எழுந்தவுடன், பழக்கமில்லாத உடம்பு, தலைக்கு மேல் தூக்கி எறிய வேண்டிய பாரம். நாற்பதைத் தாண்டிய நம்மவர்கள் 'இதென்ன பெரிய வேலை' என்று தனியாக இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. சின்ன மண்வாரி, அரை வாரி, இடைவெளி விட்டு. தள்ள முடிந்தால் தூக்கவே வேண்டாம்.

கூரைகள் நூற்றுக்கணக்கில் இடிந்தன. இதற்கும் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஏரிப்பனி பொதுவாகப் பஞ்சு மாதிரி. ஒரு சென்டிமீட்டர் தண்ணீரிலிருந்து 15, 20 சென்டிமீட்டர் பனி வரும். 15 என்றே வைத்தாலும் 165 சென்டிமீட்டர் பனிக்குள் 11 சென்டிமீட்டர் தண்ணீர் இருக்கும். சதுர மீட்டருக்கு 110 கிலோ. நூறு சதுர மீட்டர் கூரையில் 11 டன். அதன் மேல் இரண்டாவது பட்டை. பிறகு மழையும் வெப்பமும் வரும் என்று முன்னறிவிப்பு வந்தபோது மக்கள் கூரைமேல் ஏறியதற்குக் காரணம் இதுதான். பனி பஞ்சுபோல மழைநீரையும் உறிஞ்சிவைத்துக்கொள்ளும். 24ஆம் தேதி வாக்கில் வெப்பம் 15 டிகிரியைத் தாண்டியது, வெள்ள எச்சரிக்கை விட்டார்கள். ஒரே வாரத்துக்குள் இரண்டு முனையும்.

ஆர்ச்சர்ட் பார்க்கில் இருக்கும் பஃபலோ பில்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து அரங்கைச் சுத்தம் செய்ய, மணிக்கு 10 டாலரும் ஆட்டத்துக்கு டிக்கெட்டும் தருகிறோம் என்று ஆள் கூப்பிட்டார்கள். முடியவில்லை. ஆட்டம் டெட்ராய்ட்டுக்குப் போனது. வீட்டில் அடைபட்ட வீரர்கள் சிலரை அக்கம்பக்கத்தார் பனிவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். 38–3 என்று பில்ஸ் ஜெயித்தது.

முன்னறிவிப்பு தவறியதா?

பனி நின்றதும் இந்தச் சண்டை தொடங்கியது. இவ்வளவு பனி இவ்வளவு வேகமாக வரும் என்று யாருக்கும் தெரியாது என்ற பொருளில் மாநில ஆளுநர் ஆண்ட்ரூ கோமோ பேசினார். மாநிலமே சொந்த வானிலைக் கண்காணிப்பு அமைக்கும் என்றார். வானிலையாளர்கள் கொதித்தார்கள். தேசிய வானிலைச் சேவை சில நாட்களுக்கு முன்பிருந்தே சொல்லிவந்தது. அடிக்கணக்கில் பனி வரும், போக்குவரத்து நின்றுபோகும் என்று எழுத்தில் இருந்தது.

நான் வானிலையாளர்கள் பக்கம். ஆனால் அங்கே நின்றுவிடவும் முடியவில்லை. எச்சரிக்கை சரியாக இருந்தும் வண்டிகள் ஏன் சாலையில் இருந்தன? என் அனுமானம் இது: ஏரிப்பனி எச்சரிக்கை மண்டலப் பெயரோடு வரும். பஃபலோ இருக்கும் ஈரி கவுண்டியை, அதாவது மாவட்டத்தை, வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்தே எச்சரிக்கிறார்கள், அந்தளவுக்குக் கவனம் உண்டு. ஆனால் பட்டைக்கு மண்டல எல்லை தெரியாது. எச்சரிக்கப்பட்ட பகுதியிலேயே பாதிப் பேர் வெறும் தரையைத்தான் பார்ப்பார்கள். பத்து முறை எச்சரிக்கை வந்து ஆறு முறை தன் தெருவில் ஒன்றும் விழாதவர், பதினோராவது முறை வண்டிச் சாவியை எடுப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அது. அந்த அனுபவம் ஆடுகிற பட்டையைப் பற்றியது, நிற்கிற பட்டையைப் பற்றியது அல்ல.

ஆகவே முடிவு தனி ஓட்டுநரிடம் விடக்கூடியது அல்ல. சாலையைப் பனிக்கு முன்பே மூட வேண்டும். இந்தப் பாடம் 2022 நவம்பரில் பயன்பட்டதைப் பார்க்கலாம். 16 முதல் 20 வரை ஏறத்தாழ அதே ஊர்கள், ஏறத்தாழ அதே அளவு: ஹாம்பர்க்கில் 80 அங்குலத்துக்கு மேல். இந்த முறை பனி தீவிரமாகும் முன்பே த்ரூவேயில் லாரிகளுக்குத் தடை போட்டார்கள். 2014 போல நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கானோர் இரவு கழிக்கும் நிலை வரவில்லை. பில்ஸ் ஆட்டம் மறுபடியும் டெட்ராய்ட்டுக்குப் போனது.

ஒரு மாதம் கழித்து, கிறிஸ்துமஸை ஒட்டி வந்தது வேறு வகை. ஏரியின் ஈரத்தோடு கடும் புயற்காற்றும் சேர்ந்தது. விமான நிலையத்தில் 37 மணி நேரம் பிளிசார்ட் நிலை, அதாவது கடுங்காற்றில் பனி பறந்து எதிரே எதுவும் தெரியாத நிலை, நீடித்தது. வண்டி ஓட்டக் கூடாது என்ற மாவட்டத் தடை உத்தரவு டிசம்பர் 23 காலை, மக்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகே வந்தது என்ற குற்றச்சாட்டு இன்றும் ஓயவில்லை. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 47 பேர். ஆம்புலன்ஸே போக முடியாத நாளில் வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களும் அதில் உண்டு. நவம்பரில் சரியாக நடந்தது டிசம்பரில் ஏன் நடக்கவில்லை என்ற கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு முடியவில்லை.

அளக்கும் பலகை

பனியை அளப்பது எப்படி என்பதே தனிக் கலை. வெள்ளை வர்ணம் அடித்த ஒரு சதுரப் பலகை, ஓர் அளவுகோல். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, பலகையைத் துடைத்து, புதுப்பனியின் மேல் வைக்க வேண்டும். அதைவிட அடிக்கடி அளந்தால் பனி தன் பாரத்தில் அமுங்கும் முன்பே எண்ணிவிடுவோம், மொத்தம் கூடிவிடும்.

1997 ஜனவரியில் ஒன்டாரியோ ஏரியின் கிழக்கே, டக் ஹில் மேட்டு நிலத்தில் இருக்கும் மான்டேகு என்ற சிற்றூரில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் பதிவானது. 1921இல் கொலராடோவின் சில்வர் லேக்கில் பதிவான 75.8 அங்குலத்தை மிஞ்சிய தேசியச் சாதனை. ஆனால் குழு அமைத்து ஆராய்ந்தபோது, அந்த 24 மணி நேரத்தில் நான்கு முறைக்குப் பதில் ஆறு முறை அளந்திருந்தது தெரிந்தது. சாதனையை ஏற்கவில்லை. அளந்தவர் நேர்மையாக அளந்தார், அதிகமாகவே உழைத்தார். ஆனாலும் ஒப்பிட முடியாத எண் ஒப்பிட முடியாத எண்தான். இந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். இப்படிக் கறாராக இருப்பதால்தான் 2014இன் ஐந்தடியை நாம் நம்ப முடிகிறது.

டக் ஹில்லில் பனி ஏன் அவ்வளவு என்பதை அறிய 2013–14 குளிர்காலத்தில் ஒரு பெரிய களஆய்வு நடந்தது. லாரிகளில் ரேடார், பனிமேகத்துக்குள் பறந்த விமானம். மேட்டு நிலம் மேகத்தைத் தூக்கி மேலும் உக்கிரமாக்குகிறது என்றுதான் பொதுவாக எண்ணியிருந்தார்கள். தெரிந்தது வேறு. கரையோரத்தில் பனி வெறியோடு விட்டுவிட்டுக் கொட்டுகிறது. மேட்டுக்கு வரும்போது வேகம் தணிந்து, ஆனால் விடாமல் பெய்கிறது. விடாமல் பெய்வதுதான் உயரத்தைச் சேர்க்கிறது.

மூடி போட்ட ஏரி

ஈரியின் ஆழமின்மைக்கு வருகிறேன். ஏரி உறைந்து மூடிவிட்டால் ஆவி எழ வழியில்லை, ஏரிப்பனி அடங்கும். ஒன்டாரியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீட்டர், அது முழுதாக உறைவது அபூர்வம். ஆகவே அதன் கரைக்குக் குளிர்காலம் முழுதும் பனி. ஈரி பெரும்பாலான ஆண்டுகளில் ஜனவரி, பிப்ரவரியில் மூடிக்கொள்ளும். ஆகவே பஃபலோவின் ஆபத்து நவம்பர், டிசம்பரில்.

அப்படி மூடிக்கொண்டதும் ஊர் பிழைத்தது என்று சொல்ல விடாமல் 1977 நிற்கிறது. அந்தக் குளிர்காலத்தில் ஈரி டிசம்பர் நடுவிலேயே உறைந்துவிட்டது. உறைந்த பரப்பின் மேல் வாரக்கணக்கில் பொடிப்பனி சேர்ந்தது. ஜனவரி 28 அன்று மணிக்கு 110 கிலோமீட்டர் வேகக் காற்று அந்தப் பொடியையெல்லாம் வாரி நகரத்தின் மேல் கொட்டியது. வானத்திலிருந்து விழுந்த புதுப்பனி ஓர் அடி அளவே. வீடுகளை மூடியது ஏரியில் கிடந்த பழையது. 29 பேர் இறந்தார்கள்.

பேரேரிகளில் பனிக்கட்டி மூடும் பரப்பு 1970களிலிருந்து, ஆண்டுக்கு ஆண்டு ஏறியிறங்கினாலும், மொத்தத்தில் குறைந்துவருகிறது. ஏரி வெகுநாள் திறந்தே கிடக்கும். துருவக் குளிர் அப்போதும் ஓரிரு முறை இறங்கும். அந்த ஓரிரு முறைகள் கனமாக இருக்கலாம். இன்னும் சூடேறினால் பனியின் இடத்தை மழை பிடிக்கும். எந்த ஊருக்கு எது முதலில் என்பது ஏரிக்கு ஏரி வேறுபடும். பேரேரிகளில் வடக்கே இருக்கும் சுப்பீரியர் ஏரியின் கரையில் கீவினா தீபகற்பம் 1978–79இல் 390.4 அங்குலம் பார்த்தது. அங்கே குளிர் தீர இன்னும் நாளாகும். ஈரி தெற்கே இருப்பது, முன்னதாக மாறும்.

அண்ணாவுக்கு இப்போது விளக்கிவிட்டேன், ஒரு பழைய காலண்டர் அட்டையில் ஏரியை வரைந்து, படமெடுத்து வாட்சப்பில் அனுப்பி. "அப்போ டொராண்டோவுக்கு மேற்கே ஏரி இல்ல, நிலம்தான் இருக்கு. அதான் உங்களுக்குக் கம்மி" என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். சரிதான். கிழக்குக் காற்று அடித்தால் மட்டும் ஒன்டாரியோ ஏரி எங்கள் பக்கம் திரும்பும், அது எப்போதாவதுதான். பாரிக்குப் போகிற நாளில் எத்தனை சென்டிமீட்டர் என்று நான் இப்போது முதலில் பார்ப்பதில்லை. ரேடாரைத் திறந்து பட்டை எந்தத் திசையில் படுத்திருக்கிறது, ஒரு மணி நேரமாக நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். நகரவில்லை என்றால் அத்தைக்குப் போன் செய்து, நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிடுகிறேன்.